வெயில் மிசியே சொன்ன சிவப்பு

புதுச்சேரியில் வெயிலை முழுசாக நம்பியவர்கள் இரண்டே தரப்பு. கனகசெட்டிக்குளத்தில் கருவாடு காயப்போடுகிறவர்கள் ஒன்று. எங்கள் வெயில் மிசியே இன்னொன்று. கருவாட்டுக்காரர்களாவது ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் சந்தேகப்படுவார்கள். மிசியே அடைமழையிலும் மேகம் விலகட்டும் என்று கையில் ஒரு கத்திரிக்காயோடு காய்கறிக்கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருப்பார். வெயிலில் காட்டாமல் கத்திரிக்காய் வாங்குவது அவருக்கு ஜாதகம் பார்க்காமல் தாலி கட்டுவது மாதிரி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மில்லில் சாயப் பிரிவில் ஷேடு பார்ப்பது அவர் வேலை. தொட்டியிலிருந்து வந்த துணியை முற்றத்து வெயிலில் விரித்து, பக்கத்தில் தன் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். "நோன்" என்று சொல்லிவிட்டால் அத்தனை துணியும் திரும்பத் தொட்டிக்குப் போகவேண்டியதுதான். அந்தப் பழக்கத்தை மில் வாசலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நல்ல மனிதர் என்று பேர் எடுத்துவிட்டுச் சும்மா போயிருப்பார். நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஒரு தடவை வேட்டி வாங்கப் போனார். ஜவுளிக்கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, வழியில் போனவர் ஒருவர் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, வேட்டி தெருவின் குறுக்கே விரிந்தது. அரியாங்குப்பத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த வண்டி அந்தப் பக்கம் நின்றது.

"வெள்ளையில பாக்குறதுக்கு என்னா இருக்கு மிசியே?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளையிலதான்யா எல்லாம் இருக்கு. செவப்பு ஏமாத்தாது, வெள்ளை ஏமாத்தும்" என்று சொல்லி, அந்த வேட்டியை வேண்டாம் என்று மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டிக்காரர் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

அவருடைய அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் பக்கத்திலிருக்கும் சாரம் கிராமத்துக்குப் போனார்கள். போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பெண் வந்து, கும்பிட்டு, காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வந்ததும் அக்கா ஆவலாகக் கேட்டாள்: "எப்பிடிடா இருந்துது?"

மிசியே யோசித்தார். "அரக்குதான். ஆனா உள்ள கொஞ்சம் நீலம் ஓடுது. வெயில்ல பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

அவர் பார்த்தது புடவையை. அந்தப் பெண்ணுக்கு மூக்கு இருந்ததா என்று கேட்டிருந்தால்கூட அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எப்படியோ கல்யாணம் நடந்தது. புடவையில் நீலம் ஓடியது உண்மைதான் என்று பின்னால் அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டாள்.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் செர்க்கிள் ஒரு நாள் நிறம் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். செர்க்கிள் என்றால் கிளப்தான், பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடி அறை, ஒரு வட்ட மேசை, வெளியே மொட்டை மாடி. மாலை ஐந்து மணிக்குக் கூடிப் போக்கர் ஆடுவோம். சைகோனிலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர்கள் கொண்டுவந்த ஆட்டம் அது. காசு வைத்து ஆடக் கூடாது என்பது விதி. காசுக்குப் பதில் வட்ட வில்லைகள். பிரெஞ்சு வாய்க்காரர்கள் ழெத்தோன் என்பார்கள், நான் வில்லை என்றே சொல்கிறேன். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஐந்து, பச்சைக்குப் பத்து. கடைசியில் யார் கையில் வில்லை குறைவோ அவர் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். கையெழுத்து அழகாக இருந்த குற்றத்துக்காக என்னைச் செக்ரேத்தேர், அதாவது காரியதரிசி, ஆக்கியிருந்தார்கள்.

தலைவர், பத்திரம் எழுதும் நொத்தேர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். நாங்கள் அவரையே நொத்தேர் என்றோம், அவரும் மறுக்கவில்லை. தும்முவதற்குக்கூட விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தும்முகிற ரகம்.

இன்னொருவர் கப்போரால். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. காலையில் சவரம், மத்தியானம் தூக்கம், ஐந்து மணிக்குச் செர்க்கிள். செர்க்கிள் இல்லையென்றால் அந்த மனிதருக்கு ஐந்து மணி என்ற ஒன்று இருந்தே பிரயோசனமில்லை. அவருக்கும் மிசியேவுக்கும் அப்படி ஒரு சிநேகம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

வம்பு கப்போராலிடமிருந்துதான் ஆரம்பித்தது. பத்து என்று சொல்லிவிட்டுச் சிவப்பு வில்லையை வைப்பார்.

"நீங்க வெச்சது செவப்பு" என்பார் நொத்தேர்.

"பச்சைதானே வெச்சேன்."

"செவப்பு வெச்சிருக்கீங்க. அஞ்சுதான் ஆவுது."

கப்போரால் குனிந்து பார்ப்பார். காது மடல் சிவக்கும். மாற்றி வைப்பார். ஐந்து என்று சொல்லிப் பச்சையை வைத்துத் தனக்குத்தானே நஷ்டம் பண்ணிக்கொண்டதும் உண்டு. அதையெல்லாம் யாரும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மற்றது மட்டும் நொத்தேர் மனசில் கல்வெட்டாக இருந்தது.

ஒரு நாள் கூட்டம் போட்டார். "பழைய வில்லை தேஞ்சு நெறம் போயிடுச்சு. அதனால இதுவரைக்கும் நடந்ததை மறந்துடலாம். புதுசா வில்லை செய்யச் சொல்லுவோம். செவப்புன்னா செவப்பு, பச்சைன்னா பச்சைன்னு பளிச்சினு இருக்கணும். அப்புறமும் யாராவது மாத்தி வெச்சா, செர்க்கிள்லேருந்து பேரை எடுத்துட வேண்டியதுதான்."

யாராவது என்றால் யார் என்று அறையில் இருந்த நாற்காலிக்கும் தெரியும். கப்போரால், "சரிங்க" என்று மட்டும் சொன்னார். சண்டையில் கையும் காலும் போகாமல் தப்பித்து வந்தவர் என்ற மிடுக்கோடு நடந்து திரிந்தவர், அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நிறம் பார்த்து வாங்கிவரும் பொறுப்பு வெயில் மிசியேவுக்கு. துணைக்குப் போகும் தலையெழுத்து எனக்கு.

சாரத்தில் ஓர் ஆசாரி கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால், பம்பரம், குழந்தைகள் விளையாடும் மரச்சொப்பு எல்லாம் செய்வார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் நிறம் ஏறிப் பளபளவென்று வரும். முதல் நாளே சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் மாதிரிக்குச் செய்து நீட்டினார். எனக்கு அவை அற்புதமாக இருந்தன. மிசியே கைக்குட்டையை விரித்து வெயிலில் வைத்தார். தலை சாய்ந்தது.

"நோன்."

"என்னா கொறைங்க?" என்றார் ஆசாரி.

"போலீஸ்காரன் போடுற தொப்பி, அந்தக் கெப்பிச் செவப்பு வேணும். இது பம்பரச் செவப்பு. பச்சை இன்னும் மோசம். செவப்பு கனமா நிக்குது, பச்சை லேசா பறக்குது. ரெண்டுக்கும் ஆழம் ஒண்ணா இருக்கணும். ஒரு செட்டுன்னா அண்ணன் தம்பி மாதிரி இருக்க வேணாமா?"

ஒரே ஆழம் என்பது அவர் தொழில் வேதம். மில்லில் எத்தனை நிறம் போட்டாலும் ஒன்று மற்றொன்றை அமுக்கக் கூடாது என்பார். ஆசாரியும் சளைக்காமல் செய்தார். நாங்கள் சைக்கிளில் போவதும், "நோன்" என்பதும், திரும்புவதுமாக இருந்தோம். "சொப்பு வாங்க வர்ற பொண்ணுங்ககூட இவ்ளோ பாக்காதுங்க" என்று ஆசாரி என்னிடம் முணுமுணுத்தார். கடைசியில் ஒரு காலையில் மிசியேவின் தலை நேராக நிமிர்ந்தது. "வுய்" என்றார். சிவப்பும் பச்சையும் ஆழத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லையாம். இரண்டு மாதிரிகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்றவர் மாதிரி நடந்தார்.

மறுநாள் கடற்கரையில் போரில் செத்தவர்களுக்கு மலர்வளையம் வைக்கும் நாள். பழைய பட்டாளத்துக்காரர்கள் கோட்டும் பதக்கமுமாக வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் கப்போரால் எங்களிடம் வந்தார். நல்ல வெயில். மிசியேவின் கண் தானாகவே பதக்க நாடாவுக்குப் போயிற்று. பச்சை நாடா, அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள்.

"என்னா சாயம்யா இது. இத்தினி வருஷம் ஆயும் கோடு கலங்கல பாரு" என்றார்.

"கோடா? கோடு போட்டதெல்லாம் மத்தவனுங்களுக்குக் குடுத்தாங்க" என்றார் கப்போரால். "ஒருத்தனுக்கு மஞ்சள்ல நீலக் கோடு. பாக்க எப்பிடி இருக்கும். எனக்கு மட்டும் வெறும் நாடா. அப்பவே கேக்கணும்னு நெனச்சேன், போவட்டும்னு விட்டுட்டேன்."

மிசியே நாடாவைப் பார்த்தார், கப்போராலைப் பார்த்தார், மறுபடி நாடாவைப் பார்த்தார். மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டு வில்லைகளையும் எடுத்துக் கைக்குட்டையில் வைத்து நீட்டினார்.

"இதுல பச்சையை எடு பாப்போம்."

கப்போரால் கட்டைவிரலால் இரண்டையும் தடவினார். வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குக் கேக்குற?"

"ஒண்ணும் இல்ல. பாலீஷ் எப்பிடின்னு கேட்டேன்."

அவர் போனபிறகு மிசியே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று. கப்போராலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது, பிறந்ததிலிருந்தே. அது அவருக்கே தெரியாது. மிசியே மெனக்கெட்டுச் சமமாக்கிய அந்த ஒரே ஆழத்தில், கொஞ்சநஞ்சம் தெரிந்த வித்தியாசமும் அவருக்குப் போயிருந்தது.

"நொத்தேர்கிட்ட சொல்லிடலாம் மிசியே. திருட்டுத்தனம் இல்ல, கண்ணுதான்னு தெரிஞ்சுடும்" என்றேன்.

"சொல்லு. நாளையிலேருந்து செர்க்கிள் பூரா அவன் மூஞ்சிக்கு நேரா தக்காளியை நீட்டி இது என்னா நெறம்னு கேக்கும்."

"அவருகிட்டயாவது சொல்லலாமே."

மிசியே வில்லைகளைக் கைக்குட்டையில் முடிந்தார். "பதக்கத்தை நெஞ்சில குத்திக்கினு திரியுறான். அந்த நாடாவை நீ இதுவரைக்கும் பாத்ததே இல்லடான்னு நான் எப்பிடிய்யா சொல்லுவேன்?"

பச்சை வில்லையில் ஒரு கோடு இழுத்துவிடலாம் என்றேன். எதற்குக் கோடு என்று நொத்தேர் கேட்பார் என்றார் மிசியே. நீலமும் மஞ்சளும் போடலாம் என்று நொத்தேரிடமே சாடையாகக் கேட்டுப் பார்த்தோம். விதியில் வெள்ளை, சிவப்பு, பச்சை என்று இருக்கிறது, மாற்றுவதென்றால் பொதுக்குழு கூட்டி மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும், அதற்கு முன்னால் காரணம் சொல்ல வேண்டும் என்றார். காரணத்தைத்தான் சொல்ல முடியாதே.

அப்புறம் மிசியே செய்ததை மில்லில் யாராவது பார்த்திருந்தால் அவரையே தொட்டியில் முக்கியிருப்பார்கள். தன் வேதத்தைத் தானே தலைகீழாக்கினார். ஆழத்தைப் பிரித்துவிட்டால் கப்போராலுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. பச்சையை இருட்டாக்கு, சிவப்பை வெளுப்பாக்கு என்று ஆசாரியிடம் சொன்னார். ரொம்ப வெளுத்தால் வெள்ளை வில்லையோடு சேர்ந்துகொண்டது. அழுத்தினால் பச்சையிடம் ஓடிற்று. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடம் இருந்தது. அதைத் தேடி ஆசாரி சிவப்பு அரக்கில் வெள்ளையைக் கலந்து கலந்து பார்த்தார்.

"முன்னாடி கேட்ட செவப்பு இப்ப வேணாமா?" என்றார் ஆசாரி.

"வேணாம்."

"அப்ப இது செவப்பே இல்லீங்களே. ரோஸு."

"நீ குச்சியை அழுத்துய்யா."

ஒவ்வொரு மாதிரியையும் கப்போரால் அறைக்குக் கொண்டுபோவார். "இது செவப்பு, இது பச்சை, எது வழவழன்னு இருக்கு சொல்லு" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, இரண்டையும் கலந்துவிட்டு, "பச்சையைக் குடு" என்பார். கப்போரால் கை தடுமாறினால் மறுநாள் சைக்கிள் சாரத்துக்குப் போகும். ஆட்டம் நடப்பது பொழுது சாய்ந்த பிறகு என்பதால், விளக்கைப் போட்டும் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் வெயில் மிசியே நிறம் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். கடைசியாக ஒரு மாலை, கப்போரால் பேசிக்கொண்டே வில்லைகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார், ஒன்றுகூட மாறாமல். மிசியே வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முழு செட்டும் தயாராகி வந்த அன்று செர்க்கிளில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நொத்தேர் பெட்டியைத் திறந்தார். ஒரு வில்லையை இரண்டு விரலால் எடுத்தார்.

"என்னாய்யா இது?"

"செவப்பு" என்றார் மிசியே.

"இதுவா?"

"அதுதான்."

நொத்தேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "வாங்க மிசியே. நீங்கதானே சொல்லுவீங்க, வெயில்ல பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு. கைக்குட்டையைக் குடுங்க."

மொட்டை மாடியில் மேற்கு வெயில் இன்னும் நன்றாகவே இருந்தது. மிசியேவின் கைக்குட்டையை நொத்தேர் கைப்பிடிச் சுவரில் விரித்து வில்லைகளை வரிசையாக வைத்தார். கும்பல் சுற்றி நின்றது. அந்த வெளிச்சத்தில் பச்சை கிட்டத்தட்டக் கருப்பு. மற்றது சந்தேகத்துக்கு இடமில்லாத ரோஸ், சின்னப் பெண்கள் தலையில் கட்டுகிற ரிப்பன் ரோஸ். "ரோஸு!" என்று யாரோ சிரித்தார்கள்.

வெள்ளை வேட்டியில் குற்றம் கண்டுபிடித்த மனிதர் குனிந்து பார்த்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் வாழ்க்கையில் எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லியிருக்கலாம், நிறத்தில் சொன்னதில்லை.

"செவப்புதான்" என்றார்.

சிரிப்பு பெரிதாயிற்று. மில் சாயத்தில் கண் அவிந்துவிட்டது என்றார் ஒருவர். அடுத்த தீபாவளிக்குப் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு வருவார் என்றார் இன்னொருவர். மிசியே கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது கப்போரால் கும்பலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எதுக்கு சிரிக்கிறீங்க? எனக்கும் செவப்பாத்தான் தெரியுது. இது செவப்பு, இது பச்சை, இது செவப்பு, இதுவும் செவப்பு, அது பச்சை." விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

செய்த வில்லையை ஆசாரி திருப்பி வாங்கமாட்டார் என்பதால் நொத்தேரும் விட்டுவிட்டார். அன்று தொடங்கி கப்போரால் ஒரு வில்லையும் மாற்றி வைக்கவில்லை. "பாத்தீங்களா, கண்டிச்சு வெச்சதும் ஆள் ஒழுங்காயிட்டாரு" என்று நொத்தேர் என்னிடம் பெருமைப்பட்டார். நானும் ஆமாம் போட்டேன்.

மிசியே பாடுதான் திண்டாட்டமாயிற்று. கதை மில்லுக்குப் போனது, கடைத்தெருவுக்குப் போனது. ஜவுளிக்கடைக்காரர், "உங்களுக்கு எதுக்கு மிசியே வெயிலு? உள்ளயே பாருங்க" என்றார். சின்னப் பையன்கள்கூட ரோஸ் மிசியே என்று கூப்பிட்டார்கள். மனிதர் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. எனக்கோ ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும் போல இருக்கும்.

கொஞ்ச நாள் கழித்துக் கப்போரால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய வுடாத. மிசியேக்குக் கண்ணு மங்கிப் போச்சு. அன்னிக்கு எல்லாரும் ரோஸுன்னு சொல்றாங்க, இவரு மட்டும் செவப்புன்றாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாவம், நெறத்தை வெச்சே பொழைச்ச மனுசன். அதான் நானும் செவப்புன்னு சொல்லிட்டேன். கூட இருக்கிறவன்தானே மறைக்கணும்?"

"ஆமாங்க" என்றேன்.

"கடைக்கெல்லாம் இனிமே தனியா வுடக் கூடாது. நான் கூடப் போறேன்."

சொன்னபடியே போனார். தெருவைத் தாண்டும்போது மிசியேவின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். காய்கறிக்கடையில், "நீ இரு, நான் பாக்குறேன்" என்று மிசியேவை நிழலில் உட்கார வைத்துவிட்டுத் தானே தக்காளி பொறுக்கிப் பையில் போடுவார். அத்தனையும் காய். மிசியே பையை வாங்கிக்கொண்டு, "மெர்சி, நல்லா பழமாப் பாத்து எடுத்திருக்கே" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிசியே வீட்டில் என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். அந்தத் தக்காளியில் வைத்த ரசம். வாயில் வைத்ததும் இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. திறந்து பார்த்தால், எதிரே மிசியே குனிந்த தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கப்போரால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு தம்பி? தக்காளி நான் எடுத்தது."

இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.